பரமு அண்ணையின் பிக்கப்பில் பெற்றோல் மணம்

வாகனம் திருத்துகிற தொழிலில் சத்தத்தை நம்பலாம், புகையை நம்பலாம், மணத்தை மட்டும் நம்பவே கூடாது. சத்தம் என்றால் காதைக் கொடுத்துக் கேட்டு, வருகிற இடத்தைப் பிடித்துவிடலாம். எண்ணெய் ஒழுகினால் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டால் போதும், விடிந்ததும் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். பெற்றோல் மணம் அப்படியில்லை. முன்னால் ஒழுகும், பின்னால் மணக்கும். ஹீற்றரைப் போட்டால் வரும், யன்னலைத் திறந்தால் ஓடிவிடும். வாகனச் சொந்தக்காரர் “மணக்குது” என்பார். நாங்கள் மூக்கை நீட்டினால் ஒன்றும் இருக்காது. அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார், நாங்கள் அவரைச் சந்தேகமாகப் பார்ப்போம். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது ஒரு பழைய வாகனத்தோடு மல்லுக்கட்டியவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு விளங்கும்.

லண்டன் வால்தம்ஸ்டோவில், ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது என் கராஜ். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் மேசையில் கிடக்கிற ஸ்பானர்கள் கலகலவென்று ஆடும். அந்தச் சத்தத்துக்குள் நின்று வாடிக்கையாளரோடு கத்திக் கத்திக் கதைத்தே என் தொண்டை கரகரத்துப் போனது. வீட்டிலும் கத்துகிறேன் என்று மனைவி சொல்கிறாள். பொய்யில்லை.

கழுத்து வரைக்கும்

லேசான கதையிலிருந்து தொடங்குகிறேன். ஈஸ்ட் ஹாமில் இருக்கிற ஒரு சென்னைத் தம்பி, கணினி வேலை. நல்ல கார், புதிசு மாதிரி. பெற்றோல் அடித்த அன்றைக்கு மட்டும் மணக்கிறதாம், இரண்டு நாளில் போய்விடுகிறதாம். காரைத் தூக்கி வைத்துக் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கடைசியில், “வாங்க, உங்களோடயே வந்து பார்க்கிறன்” என்று அவரோடு பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். நிறைந்துவிட்டது என்று பம்பு ‘க்ளிக்’ என்று தானாக நின்றது. தம்பி விடவில்லை. காரை இடுப்பால் ஒரு இடி இடித்து, அமத்தி அமத்தி இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பெற்றோல் தாங்கியில் ஆவி போவதற்கென்று விட்டிருக்கிற வழியெல்லாம் பெற்றோல் நிறைந்தால் மணக்காமல் என்ன செய்யும்? இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. “க்ளிக் சத்தம் வந்தப்புறமும் கொஞ்சம் பிடிக்கும் அண்ணா, எங்க அப்பா அப்படித்தான் போடுவாரு” என்றார்.

மணவறை ஏற்றுகிற வாகனம்

இனி வருவது பரமு அண்ணையின் கதை. அது ஒரு கதையாக வராமல், இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரைக்கும் துண்டு துண்டாக வந்தது.

பரமு அண்ணை லெய்ட்டனில் இருக்கிறார். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எங்கே விசேடம் நடந்தாலும் மணவறை, கதிரை, குத்துவிளக்கு, சோறு காய்ச்சுகிற கிடாரம் எல்லாம் வாடகைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். நெடுங்காலம் ஒரு டீசல் வான் வைத்திருந்தார். பழைய டீசல் வாகனத்துக்கு நகருக்குள் நாளாந்தம் வரி என்று வந்ததும் அதை விற்றுவிட்டு, எங்கேயோ ஒரு பண்ணைக்காரனிடம் பழைய பெற்றோல் பிக்கப் ஒன்றைத் தேடிப் பிடித்தார். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த தட்டு. அதை முதன்முதல் என்னிடம் கொண்டுவந்தபோது பொனற்றில் சந்தனப் பொட்டு காயவில்லை. கோயிலில் பூசை செய்து சில்லுக்குக் கீழே நசித்த தேசிக்காயின் தோல்கூட ரயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பெற்றோல் மணக்கிறது என்றார். நான் பார்த்தேன். தாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்றிவிட்டு, இவ்வளவுதான் அண்ணை, சின்ன வேலை என்று பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்.

அவர் போகாமல் நின்றார். அவருடைய மனைவி புவனம் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் கிடந்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வான் வந்து ஏற்றிப் போகும்தான். ஆனால் பரமு அண்ணை அதற்கு விடமாட்டார், தானே ஏற்றிப் போனால்தான் அவருக்கு நிம்மதி. இந்த மணம் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறினவுடனே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறா. இதற்குள் ஒரு முறை பாதி வழியில் இறங்கி, இனி வரமாட்டேன் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாவாம். மெஷினில் கிடக்காவிட்டால் ஆள் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ரப்பர் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, வடிவாப் பாருங்கோ. மணம் நிக்காட்டி அவ ஏறமாட்டா.”

சுதன் முகர்ந்து பார்த்த விதம்

அடுத்த கிழமையே பிக்கப் திரும்பி வந்தது. மணம் போகவில்லை. இந்த முறை சுதனிடம் கொடுத்தேன். சுதன் என்னோடு வேலை செய்கிறவர், ஜேர்மனியில் தொழில் படித்துவிட்டு இங்கே குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். மணம் பிடிக்கிற வேலை என்றால் அன்று காலை கோப்பிகூடக் குடிக்கமாட்டார், மூக்குக் களைத்துவிடும் என்பார். வாகனத்தின் கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வேறு வேலை பார்த்தார். பிறகு கதவை மெல்லத் திறந்து, கோயில் மூலஸ்தானத்துக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரித் தலையை மட்டும் உள்ளே விட்டார். “ஒண்டுமில்லை அண்ணை” என்றார். நானும் தலையை விட்டேன். சீட் துணி மணம், கொஞ்சம் சாம்பிராணி. அவ்வளவுதான்.

ஆனாலும் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. பெற்றோல் ஊற்றுகிற வாயிலிருந்து தாங்கிக்குப் போகிற ரப்பர்க் குழாய் பழசாகி வெடிக்கிற நிலையில் இருந்தது, அதை மாற்றினோம். தாங்கியின் மேலே பம்பு பூட்டுகிற வளையத்தையும் மாற்றினோம். எஞ்சின் பக்கத்துக் குழாய்களை எல்லாம் காற்றடித்துச் சோதித்தோம். பரமு அண்ணை ஒவ்வொரு முறை வாகனம் கொண்டுவரும்போதும் உள்ளே துடைத்து, ஆசனத்துக்குப் பின்னால் கிடக்கிற சாமான் சக்கட்டுகளை வீட்டில் இறக்கிவைத்துவிட்டுத்தான் வருவார். எங்களுக்கு வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று செய்கிறார், என்ன நல்ல மனிதர் என்று நாங்கள் கதைத்துக்கொண்டோம்.

பிறகும் தொலைபேசி வந்தது. பிறகும் மணக்கிறது. அக்கா இன்னொரு முறை போகவில்லை, காலிரண்டும் வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து ஏசியிருக்கிறார்கள். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். சுதன் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, இஞ்ச வரேக்க மணக்கேல்லை, வீட்டை போனால் மணக்குதெண்டால் வருத்தம் வாகனத்துக்கில்லை.”

ஐயர் கையில் கற்பூரம்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் பரமு அண்ணையின் பிக்கப் மாலை போட்டு நிற்கிறது. எங்களை நம்பி அலுத்துப்போய் அம்பாளிடம் கொண்டுவந்துவிட்டார் என்று விளங்கியது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கராஜ்காரனுக்கும் மானம் ரோசம் இருக்கிறது.

ஐயர் தேங்காயின் மேல் கற்பூரத்தை வைத்து, கொளுத்தி, வாகனத்தைச் சுற்றிக் காட்டப் போனார். முன் பக்கத்தில் ஒன்றுமில்லை. சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே தீபம் காட்டக் கையை நீட்டியவர், பாம்பைக் கண்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார். நானும் ஓடிப் போனேன். உண்மைதான், அன்றைக்கு உள்ளே பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தது. என் கராஜில் ஒரு நாளும் வராத மணம், கோயில் வாசலில் கும்மென்று வருகிறது. ஐயர் கற்பூரத்தை நிலத்தில் போட்டு மண்ணைத் தள்ளி அணைத்தார். பரமு அண்ணை கும்பிட்ட கையைக் கீழே விடாமல் நின்றார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஐயர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “முதல்ல கராஜுக்குக் கொண்டு போங்கோ, பேந்து அம்பாளிட்டக் கொண்டு வாங்கோ” என்றார்.

அக்கா பஸ்ஸில் வந்த நாள்

அடுத்த நாள் பரமு அண்ணை பிக்கப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்தார், மணம் பழையபடி காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் புவனம் அக்கா தனியே பஸ் ஏறிக் கராஜுக்கு வந்தா. அதுவரைக்கும் நான் அவவைக் கலியாணவீடுகளில் தூரத்தில் கண்டதுதான். சேலைக்கு மேலே கனத்த கோட், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. காலை எடுத்து வைக்கவே கஷ்டப்பட்டா. சுதன் ஓடிப்போய் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

நான் ஏச்சு விழும் என்று நினைத்து, செய்த வேலைகளை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஒப்புவித்தேன். அவ கேட்கவில்லை. மேலே ரயில் போய் முடியும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெஷினில் கிடப்பது எப்படி என்று எனக்குச் சொன்னா. கையில் குத்துகிற ஊசியின் தடிப்பு, கிடந்து எழும்பிய பிறகு வருகிற களைப்பு, அந்தக் களைப்பு தீர முதல் வருகிற அடுத்த முறை, தண்ணீரை அளந்து குடிக்கிற தவிப்பு. பிள்ளைகள் இல்லை, தான் ஆருக்காக இவ்வளவு பாடுபட வேண்டும் என்று கேட்டா. நேரே சொன்னால் அவர் தாங்கமாட்டார். மணம் உண்மைதான், சத்தி வருவதும் உண்மைதான், ஆனால் மணம் இல்லாவிட்டாலும் தான் ஏறமாட்டாவாம்.

திருத்தித் தரச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்கள். திருத்த வேண்டாம் என்று ஒருவர் வந்து நான் கண்டதில்லை. “தேத்தண்ணி குடிக்கிறியளோ அக்கா?” என்று கேட்டேன். அதுவும் அவவுக்கு அளவுதான் என்று பிறகுதான் நினைவு வந்தது. அவ சிரித்தா, கதிரையைப் பிடித்து எழும்பினா. “நீங்கள் இதைக் கெதியாத் திருத்திப் போடாதேங்கோ தம்பி, எனக்குச் சொல்ல வேற சாட்டில்லை” என்றா.

ஆசனத்துக்குப் பின்னால்

இதை நான் பரமு அண்ணையிடம் சொல்லவில்லை. அதற்குள் அவர் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அக்காவை மறுபடி ஏற்றிப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவரிடமிருந்து தொலைபேசி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ரயர் காற்றுப் போய்விட்டது, நட் ஒன்று இளகுதில்லை, மெஷினுக்கு நேரமாகிறது. நான் உடனே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கிற வாங்கில் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தா. வாகனக் கதவைத் திறந்ததும் கோயிலில் வந்த அதே மணம்.

சில்லு உருளாமல் வைக்கிற கட்டை எங்கே என்று கேட்டபடியே ஆசனத்தை முன்னால் மடித்தேன். “நான் எடுத்துத் தாறன் தம்பி, நீங்கள் விடுங்கோ” என்று பரமு அண்ணை பதறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வருவதற்குள் நான் கண்டுவிட்டேன். ஒரு பழைய துவாயில் சுற்றிய பெரிய பிளாஸ்ரிக் சோடாப் போத்தல். உள்ளே பெற்றோல். மூடிக்குக் கீழே பொலித்தீன் வைத்து இறுக்கி, அதற்கு மேலே சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டிச் சுற்றியிருந்தது. போத்தலின் வயிறு ஊதிப் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடுத் தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். இதை வைத்துக்கொண்டா என்னைத் தாங்கியைக் கழற்ற வைத்தீர்கள், ஒரு பொறி பட்டிருந்தால் இரண்டு பேரும் சாம்பல் அல்லவா என்று கேட்டேன். அவர் போத்தலைக் கையில் வாங்கிக் கவிழ்த்துக் காட்டினார். “இது ஒழுகேல்லைத் தம்பி, பாருங்கோ, ஒரு சொட்டும் ஒழுகேல்லை. உங்கட கராஜில வெல்டிங் நடக்கும், நெருப்புப் பறக்கும் எண்டு வரேக்கையெல்லாம் வீட்டை இறக்கி வைச்சிட்டுத்தான் வாறனான்” என்றார். ஒழுகாத போத்தல் மணக்காது என்று அவர் சத்தியமாக நம்பியிருந்தார். பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் பெற்றோல் ஆவியை மறிக்காது என்று அவருக்கு ஆர் சொன்னது?

அந்த ரியூப் வாரைக் கண்டதுமே என் ஆத்திரம் இறங்கத் தொடங்கிவிட்டது. யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவருக்கும் அந்தக் கட்டுத் தெரியும். அப்போது பெற்றோல் இல்லை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் அதில் ஸ்டார்ட் வராது. ஸ்டார்ட் எடுக்கச் சில துளி பெற்றோல் விட வேண்டும். அந்தச் சில துளியை மருந்துப் போத்தலில் அடைத்து, ரியூப் வாரால் கட்டி, பவுண் மாதிரி வைத்திருப்போம். பரமு அண்ணை தெருவைப் பார்த்தபடி சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தது. கைப்பிள்ளை. ஒரு விடியற்காலை மூச்செடுக்க ஏலாமல் துடித்தது. பக்கத்து வீட்டில் கார் நின்றது, மண்ணெண்ணெயும் இருந்தது, ஸ்டார்ட் எடுக்கப் பெற்றோல் இல்லை. அவர் ஒழுங்கை முழுக்க ஓடி ஓடிக் கதவு தட்டினார். கடைசியில் ஒரு வீட்டில் கொஞ்சம் தந்தார்கள். அதைக் கொண்டு திரும்பி வந்தபோது அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தா, அவ்வளவுதான்.

அக்கா வாங்கிலிருந்து எழும்பி வந்து நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. “எவ்வளவு காலமா இதை வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டா. லண்டனில் முதல் வாகனம் வாங்கிய நாள் தொடக்கம் என்றார். அப்படியென்றால் அந்த டீசல் வானிலும் வைத்திருந்திருக்கிறார், பின்னால் கிடாரங்களுக்கு நடுவே, இத்தனை வருடமும். டீசல் வாகனத்தில் பெற்றோலை என்ன செய்ய இருந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெற்றோலிலேயே ஓடுகிற பிக்கப்புக்கும் அந்தத் துளி தேவையில்லை என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளையைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. மழை பெலத்தது. நான் போத்தலை வாங்கி அப்புறப்படுத்தப் போனேன். அக்கா சால்வையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என் கையைப் பிடித்தா. “அது அதிலேயே கிடக்கட்டும் தம்பி, நான் யன்னலைத் திறந்துவிட்டு இருக்கிறன்” என்றா.

வெளியே ஒரு கான்

அதிலேயே கிடக்க விடமுடியாது என்று உங்களுக்கும் தெரியும். அன்றைக்குச் சில்லை மாற்றி, போத்தலைப் பின் தட்டில் கயிற்றால் கட்டி அவர்களை அனுப்பினேன். மறுநாள் வாகனத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பெற்றோல் வைப்பதற்கென்றே விற்கிற பச்சை இரும்புக் கான் ஒன்று வாங்கிவைத்திருந்தேன். மூடியில் கொளுக்கி, நல்ல ரப்பர். அதைப் பின் தட்டில், ஆட்கள் இருக்கிற பகுதிக்கு வெளியே, மூலையில் சட்டம் அடித்துப் பூட்டச் சொன்னேன்.

சுதன் மறுத்தார். தேவையில்லாத பெற்றோலை ஏன் வாகனத்தில் காவ வேண்டும், அந்த மனிதருக்கு விளங்கப்படுத்தி விட வேண்டியதுதானே என்று நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பத்து நிமிடத்தில் செய்கிற வேலையைப் பின்னேரம் வரைக்கும் செய்தார். சட்டத்தை அரத்தால் ராவி, மூலைகளை மழுக்கி, கான் ஆடாமல் இருக்க அடியில் ரப்பர் வைத்து, இரண்டு தரம் வர்ணமும் பூசினார். சீட் துணியைக் கழற்றிக் கழுவினோம். மணம் ஒரு கிழமையில் முழுக்கப் போய்விட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா ஒரு நாளும் விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனா. சில நாட்களில் போகிற வழியில் கராஜ் வாசலில் நிறுத்துவார்கள். அவ இறங்கமாட்டா, கண்ணாடியை இறக்கி எங்களோடு இரண்டு வார்த்தை கதைப்பா. மெலிந்துகொண்டே போனா. ஆனால் இரண்டு பேரும் ஏதாவது கதைத்துக்கொண்டேதான் வருவார்கள். பிள்ளையின் பெயரை அவர்கள் வாயிலிருந்து நான் முதன்முதல் கேட்டதும் அப்படி ஒரு நாளில்தான். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒரு முறை பரமு அண்ணை சில்லுக்குக் காற்றடிக்க இறங்கியபோது நான் யன்னலருகே போய், கஷ்டமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். “கஷ்டம்தான் தம்பி, ஆனா வேளைக்கே வெளிக்கிட்டு நிண்டுகொண்டு வாசலைப் பாக்கிறார், நான் எப்பிடி ஏறாமல் விடுறது?” என்றா.

கடற்கரைக்குப் போக முதல்

மரங்களில் பூப் பூக்கத் தொடங்கிய நேரம் புவனம் அக்கா போய்விட்டா. செத்தவீட்டுக்குச் சுதனும் நானும் கராஜைப் பூட்டிவிட்டுப் போனோம். மணவறையும் கதிரையும் எத்தனையோ வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிய மனிதர், தன் மனைவியின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினார்.

சில நாட்கள் கழித்து பிக்கப்பைக் கொண்டுவந்தார். அஸ்தி கரைக்கக் கடற்கரைக்குப் போக வேண்டும், தூரப் பயணம், ஒருக்கால் பார்த்து விடுங்கோ என்றார். எஞ்சின் எண்ணெய், பிரேக், ரயர் எல்லாம் பார்த்தேன். பழக்க தோசத்தில் உள்ளே தலையை விட்டு முகர்ந்தும் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. சுதன் ஒருவரும் சொல்லாமலே முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்காமலே பரமு அண்ணை அந்தக் காலையைச் சொன்னார். அக்கா நெஞ்சு நோ என்று எழும்பியிருக்கிறா. அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அவர் பொறுக்கவில்லை, தூக்கி ஏற்றினார். பிக்கப் முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் வந்தது. தெருவில் வாகனம் இல்லை, விளக்கெல்லாம் பச்சை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து அவவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள், வைத்தியர்கள் சுற்றி நின்று செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். அவரையும் பக்கத்தில் நிற்க விட்டார்கள், அக்காவின் கை அவர் கையில்தான் இருந்தது. சொல்லிவிட்டு அவர் பின் தட்டில் இருந்த பச்சைக் கானின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் கானைக் கழற்றி விடட்டுமா என்று கேட்கவும் இல்லை. மேலே ரயில் போய் ஓய்ந்தது. “எல்லாம் நேரத்துக்கு நடந்ததுதான் தம்பி, ஒரு குறையும் இல்லை, அதுதான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு” என்றார்.

மனசை வீட்டில் விட்டுவிட்டு வாகனத்தை மட்டும் கொண்டுவருகிற வாடிக்கையாளர்கள் உள்ள கராஜ் ஒன்று இந்த லண்டனில் எங்கேயாவது இருந்தால் தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள், நாளைக் காலையே என் ஸ்பானர்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறேன்.